எல்லர்பிறிங்கின் முதல் அயல்

உல்லாவின் தறாக்டர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. பின்னால் கொழுவியிருந்த பெட்டி நிறைய ஊசியிலைக் கொப்புகள். குசினி யன்னலடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்த நான் ஈரக் கையை உயர்த்திக் காட்டினேன். உல்லா நேரே பாதையைப் பார்த்தபடி போய்விட்டார்.

இதிலென்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஏழே ஏழு வீடுகள் உள்ள ஊரில் தறாக்டரில் போகிறவர் கை காட்டாமல் போவது, பட்டணத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்குச் சமம். அதுவும் உல்லா. நாய் நின்றாலும் கை காட்டுகிற மனுசி.

வெட்டிய கொப்புகளின் பச்சை மணம் யன்னலால் உள்ளே வந்தது. எனக்கு மிகவும் பிடித்த மணம். அன்றைக்கு யன்னலைச் சாத்திவிட்டேன். ஏனென்றால் அந்தக் கொப்புகள் எங்கள் முற்றத்தில் இறங்கியிருக்க வேண்டியவை.

ஏன் இறங்கவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் இந்த ஊரைச் சொல்ல வேண்டும்.

ஒரு பிட்டி, ஏழு வீடு

போன கிழமைப் பத்தியை ஜேர்மனியின் ஹம் நகரத்து மூன்றாம் மாடி வீட்டோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து நாங்கள் வந்து சேர்ந்த இடம்தான் எல்லர்பிறிங்க். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். உல்லா எப்படியும் இதை யாரையாவது பிடித்து டொச்சுக்கு, அதாவது ஜேர்மன் மொழிக்கு, மாற்றி வாசித்துவிடுவார்.

ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குக் கால்வாய் தெரியும். திருவிழாவில் அம்மன் தீர்த்தமாடுவது அதில்தான். அந்தக் கால்வாய்க்குக் கூடவே லிப்பெ ஆறும் ஓடுகிறது. ஆற்றைக் கடந்து வடக்கே போனால் கொக்கு நிற்கும் ஈரப் புல்வெளி, பிறகு சோளத் தோட்டம், பிறகு இரண்டு கார் சந்தித்தால் ஒன்று புல்லில் இறங்க வேண்டிய ஒரு பாதை. அந்தப் பாதை முடிகிற இடத்தில் நாங்கள் இருக்கிறோம்.

பிறிங்க் என்றால் சற்று உயர்ந்த நிலம். எல்லர் என்பது ஈரத்தில் வேர் விடுகிற ஒரு மரம். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் என்றால் பெயர் ஏதோவொரு பிட்டியில் முடிந்திருக்கும். உயரம் என்றதும் மலையை நினைக்காதீர்கள். சைக்கிளில் ஏறி வருகிறவருக்கு மூச்சுக்கூட வாங்காது. ஆனால் குளிர்காலத்தில் ஆறு பெருகும்போது அந்தச் சின்ன உயரத்தின் அருமை தெரியும். சுற்றிவரப் புல்வெளியெல்லாம் தண்ணீர், நடுவில் ஏழு வீடும் கால் நனையாமல் இருக்கும்.

கடை கிடையாது. தேவாலயமும் கிடையாது, மாட்டுக்கொட்டில் அளவில் ஒரு சின்னச் சிற்றாலயம் உண்டு. பள்ளிக்கூட பஸ் மட்டும் வரும், விடுமுறை என்றால் அதுவும் வராது. சொந்தக்காரர்கள் முதல்முறை வந்தபோது இறங்கி நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "என்னத்துக்கடி இந்தக் காட்டுக்கை வந்து விழுந்தனீங்கள்?" என்றுதான் கேட்டார்கள். காற்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி என் கணவர் பெருமையாகக் கிணற்றைக் காட்டினார். வீட்டை வாங்க இவர் சம்மதித்ததே அந்தக் கிணற்றுக்காகத்தான்.

ஊருக்கு எத்தனை வயது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எங்களுக்கு எதிரே இருக்கிற பெரிய பண்ணையின் வாசல் உத்தரத்தில் ஒரு வருடம் செதுக்கியிருக்கிறது. நடு இலக்கங்களைப் புழு தின்றுவிட்டது. பண்ணைக்காரர் யோசப், வருகிற விருந்தாளியைப் பொறுத்து ஒவ்வொரு நூற்றாண்டு சொல்வார். படைகள் வந்தபோதெல்லாம் சனங்கள் மாடுகளோடு எல்லர் மரச் சதுப்புக்குள் போய் ஒளித்தார்களாம். எந்தப் படை என்று கேட்டேன். "எல்லாப் படையும்தான்" என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வீட்டின் பெயர்

யாழ்ப்பாணத்தில் காணி உறுதியில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். நாவலடி, வண்ணான்துறை வளவு என்று. இங்கே வீடுகளுக்கு அப்படிப் பெயர் உண்டு. ஆனால் இங்கத்தைய பெயர் கொஞ்சம் பொல்லாதது. வீட்டில் குடியேறுகிற ஆட்களையும் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பெரிய பண்ணைக்கு மாப்பிள்ளையாக வந்தவர்கள் தங்கள் சொந்தப் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரைப் போட்டுக்கொண்டார்களாம்.

எங்கள் வீடு ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் பாலத்தடி. எங்கள் குடும்பப் பெயரை உல்லா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், மூன்றாம் முறை கையை விட்டுவிட்டார். வந்த கிழமையே நாங்கள் பாலத்தடியார் ஆகிவிட்டோம்.

பெயரோடு ஒரு பதவியும் வந்தது. அதுதான் முதல் அயல்.

எல்லர்பிறிங்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொரு வீடு முதல் அயல். சொந்தபந்தம், சிநேகிதம், அந்தஸ்து ஒன்றும் கணக்கில்லை. கிட்ட இருக்கிற வீடு எதுவோ அது. பெரிய பண்ணைக்குப் பாலத்தடி, பாலத்தடிக்குப் பெரிய பண்ணை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்காரர் முதலில் தட்ட வேண்டியது முதல் அயலின் கதவை. அதன் பிறகு அவர்கள் ஒன்றுக்கும் எழும்ப வேண்டியதில்லை. முதல் அயல் வீடு வீடாகப் போய்ச் சொல்லும். பெட்டியைத் தூக்குவது அயல். கோப்பி ஊற்றுவது அயல்.

கல்யாணம், வெள்ளி விழா, பொன் விழா என்றால் வாசலைச் சுற்றி ஊசியிலைக் கொப்பால் பெரிய வளைவு கட்டுவார்கள். அதில் கடதாசி ரோசாக்கள். அதைக் கட்டுவது முதல் அயலின் முற்றத்தில். வாசலில் முதல் ஆணியை அடிப்பதும் முதல் அயலின் கை.

நாங்கள் குடிவந்த அன்று யோசப்பும் மனைவி ஹில்டவும் பாணும் உப்பும் கொண்டுவந்து இதையெல்லாம் சொன்னார்கள். நாங்கள் வெளிநாட்டுக்காரர், இந்தப் பொறுப்பெல்லாம் எங்களுக்குச் சரிவருமா என்று இழுத்தேன். அதற்கு ஹில்ட எங்கள் வீட்டின் கதையையே எனக்குச் சொன்னார்.

பெரிய யுத்தம் முடிந்த கையோடு, கிழக்கே ஷ்லேசியாவில் இருந்து துரத்தப்பட்டு வந்த ஒரு பெண்ணையும் இரண்டு பிள்ளைகளையும் பாலத்தடி வீட்டில் இருத்தினார்களாம். ஊர் முழுக்கக் கத்தோலிக்கர், அவர் புரட்டஸ்தாந்து. அந்த நாளில் அது லேசான விசயமில்லை. அடுத்த வருடம் பெரிய பண்ணையின் கிழவர் இறந்தபோது, சாவுச் செய்தி சொல்ல வேறு வீட்டை அனுப்புவோம் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். பண்ணை வீட்டு விதவை மறுத்துவிட்டாராம். முதல் அயல் அந்த வீடு, அதில் யார் இருக்கிறார்கள் என்பது எங்கள் கேள்வியில்லை என்றாராம். அந்தப் பெண் இரவல் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

இன்னொரு கதையும் உண்டு. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரலைத் தாழ்த்துவார்கள். மேற்குப் பக்கத்து இரண்டு வீட்டார் ஒரு வேலிக்காகச் சண்டை பிடித்து அயலை முறித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் செத்தபோது பெட்டி தூக்கப் பட்டணத்தில் இருந்து கூலிக்கு ஆள் வந்தது.

எங்கள் வெள்ளி விழாவுக்கு ஊரே சேர்ந்து எங்கள் வாசலில் வளைவு கட்டியது. இவர் போய்ப் பெட்டியில் கிடந்த பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணத்தையும் எடுத்துவந்து அதற்குக் கீழே கட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யோசப் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்து, வாடாத இலை என்றால் மிகவும் வசதி என்று மெச்சினார்.

கடதாசி ரோசா

கொரோனா முடிந்து சனங்கள் மறுபடி கை குலுக்கத் தொடங்கியிருந்த ஒரு கோடை. யோசப்புக்கும் ஹில்டவுக்கும் பொன் விழா வந்தது. இந்தமுறை எங்கள் முற்றம். பொன்நிறக் கடதாசியும் வெள்ளைக் கடதாசியும் வாங்கி ஒரு பெட்டி நிறைய அடுக்கிவிட்டேன். வளைவு கட்ட வருகிறவர்களுக்கு ரோல்ஸ் பொரிப்பது என்றும் முடிவு. நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் லீவும் சொல்லியாயிற்று.

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் இருந்து தொலைபேசி வந்தது. இவருடைய அண்ணை போய்விட்டார்.

பிள்ளைகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்க, ஊர் வீட்டில் தனியாக இருந்த மனிதர். செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தோம். ஒழுங்கையில் இளந்தாரிகள் என்று சொல்ல ஆளில்லை. பெட்டியை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் அழவில்லை. "தூக்க ஆளில்லை" என்று மட்டும் இரண்டு மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் கழிந்து அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் கோயில் வாசல் மிதிக்க முடியாது. அந்த வருடம் ஊன்ட்றொப் தேரும் அதற்குள்தான் வந்தது. பொன் விழாவும் அதற்குள்தான். துடக்கு வீட்டு முற்றத்தில் மங்கள வளைவு கட்டுவதா? துடக்குக் கையால் ஆணி அடிப்பதா? ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த அந்த இரண்டு நல்ல சீவன்களுக்கு எங்களால் ஒரு கெடுதி வந்தால் யார் பதில் சொல்வது?

கடதாசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பண்ணைக்கு எங்களுக்கு அடுத்துக் கிட்ட இருக்கிற உல்லா வீட்டுக்குப் போனேன். படியில் வைத்துவிட்டு விலகி நின்று, எங்களுக்கு இப்போது வசதிப்படாது, நீங்கள் செய்யுங்கள் என்றேன். காரணம் சொல்லவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் போய் இழவுச் செய்தி சொல்கிற வளர்ப்பு எங்களுடையதில்லை.

"வசதிப்படாதா?" என்று உல்லா இரண்டு தரம் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்படியென்றால் முதல் அயல் எங்கள் வீட்டுக்கு மாறும். மாறினால் மாறினதுதான். தெரியும்தானே?"

நான் எங்கேயோ நினைப்பில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பாலத்தைக் கடக்கும்போதுதான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது.

அடுத்த நாள்தான் அந்தத் தறாக்டர் கை காட்டாமல் போனது. சனிக்கிழமைதோறும் யன்னல் விளிம்பில் வந்திருக்கும் ஹில்டவின் முட்டைகளும் அந்தக் கிழமை வரவில்லை.

அவர்களிடம் சொல்லிவிடுவோம் என்று இவரோடு சண்டை பிடித்தேன். கல்யாண வீட்டில் போய்ச் செத்தவீட்டைச் சொல்வதா என்று அவர் நின்ற நிலையில் நின்றார்.

"முப்பத்தொண்டு கழியட்டும். ஆறுதலாச் சொல்லுவம்."

"அதுக்குள்ள ஊர் போயிடுமப்பா."

"ஊர் எங்க போறது? அது அங்கதான் நிக்கும்."

நிற்கும்தான். மூன்றாம் மாடி வீட்டில் எத்தனையோ வருடம் இருந்தோம், எதிர்க்கதவில் இருந்தவரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அப்படி இங்கேயும் இருந்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படி இருக்க விருப்பமில்லை. பாலத்தடியார் என்று யாராவது கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கிற அந்தப் பெண்ணாக இருக்கவே எனக்கு விருப்பம். அது கையை விட்டுப் போகிறதே என்று கிணற்றடியில் நின்று அழுதேன்.

பின்கதவு

பொன் விழாவுக்கு முதல் நாள் காலை பின்கதவில் தட்டுச் சத்தம். முதல் அயல் வருவது பின்கதவால்தான், அதுவும் தட்டாமல். ஹில்ட தட்டிவிட்டு வெளியே நின்றார். தலைமயிர் விழாவுக்காகச் சுருட்டியிருந்தது.

நான் செய்த காரியத்தைப் பாருங்கள். கதவை அரைவாசி திறந்து வாசலை மறித்து நின்றேன். பொன் விழாப் பெண்ணைத் துடக்கு வீட்டுக்குள் விடலாமா? அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசும்.

"நாங்கள் உனக்கு என்ன செய்தோம்?" என்று கேட்டார். கோபமில்லை.

நான் வாய் திறப்பதற்குள் அவருடைய பார்வை என் தோளுக்கு மேலால் உள்ளே போனது. மேசையில் அண்ணையின் படம், மாலை, முன்னால் எரிகிற விளக்கு. படத்தில் இருந்தவருக்கு இவருடைய அதே நெற்றி.

யாரென்று கேட்டார். சொன்னேன். எப்போதென்று கேட்டார். அதையும் சொன்னேன். ஹில்டவின் முகம் சிவந்துகொண்டு வந்தது. இப்போது கோபம் வந்துவிட்டது.

"உன் வீட்டில் ஒரு சாவு. நீ என் கதவைத் தட்டவில்லை."

கண்ணின் உள்ளே இருக்கிற நரம்புக்கெல்லாம் டொச்சில் பெயர் தெரிந்த எனக்குத் துடக்குக்கு ஒரு சொல் வரவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னேன். சாவு நடந்த வீட்டு ஆட்கள் மங்கள வீட்டுக்குப் போகக் கூடாது, அந்தப் பூவைத் தொடக் கூடாது, தொட்டால் உங்களுக்குக் கூடாது, அதனால்தான், உங்களை வெறுத்து இல்லை, உங்களில் உள்ள அன்பால்தான் என்று திணறித் திணறிச் சொன்னேன். ஹில்ட இடையில் மறிக்காமல் கேட்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்கள் வழக்கம் உன்னை என் வாசலுக்கு வர விடாது. சரி. எங்கள் வழக்கம் என்னை உன் வாசலுக்கு வரச் சொல்கிறது. அப்போ நாங்கள்தானே வர வேண்டும்?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பாலத்தைக் கடந்து போய்விட்டார்.

யோசப் தானே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு முதல் அயல் அவர்தானே. மதியத்துக்கு முன் ஊரே எங்கள் முற்றத்தில் நின்றது. எல்லோரும் கறுப்பு உடுப்பு. உல்லா வளைவு வேலையின் நடுவில் எழும்பி வந்திருந்தார். வேலைக் காற்சட்டைக்கு மேல் ஒரு கறுப்புச் சட்டை, கையெல்லாம் கொப்புப் பிசின். என்னைக் கட்டிப் பிடித்தபோது அந்தப் பச்சை மணம் என் தோளிலும் ஒட்டியது.

செத்தவீட்டுக்கு வந்து போனால் கட்டாயம் குளிக்க வேண்டும் என்று நான் எல்லோருக்கும் எச்சரிக்கை சொன்னேன். யோசப் தொப்பியைக் கழற்றியபடி, தான் மாட்டுக்கொட்டிலில் இருந்து வருவதாகவும் எப்படியும் குளிக்கத்தான் வேண்டுமென்றும் சொன்னார்.

கதிரை போதாமல் சிலர் சுவரோடு நின்றார்கள். தங்கள் செபத்தை மெதுவாகச் சொன்னார்கள். பிறகு யோசப், இந்த அண்ணை எப்படிப்பட்ட மனிதர் என்று இவரிடம் கேட்டார். இத்தனை நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி. தொலைபேசியில் எல்லோரும் எப்படி நடந்தது, எந்த ஆஸ்பத்திரி என்றுதான் கேட்டார்கள். இவர் தொடங்கினார். கிணற்றடியில் பிடித்து இருத்தித் தலையில் எண்ணெய் வைத்தது, சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு மீன் சந்தைக்குப் போனது, அண்ணை விசிலடித்தால் அடுத்த ஒழுங்கைக்குக் கேட்பது. விசில் இடத்தில் வந்ததும் உடைந்துபோனார். யோசப் அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

ஹில்ட ஒரு தட்டு வெண்ணெய்க் கேக் கொண்டுவந்திருந்தார், மேலே சீனி மொறுமொறுவென்று. அது அடுத்த நாள் விழாவுக்குச் சுட்டது. விழாக் கேக்கை இங்கே எடுத்துவரலாமா என்று பதறினேன். இந்த ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இதே கேக்தான் என்றார்.

போகும்போது உல்லா வாசலில் நின்று, வளைவை நாங்கள் கட்டிவிடுகிறோம், கயிற்றில் நிற்கும், ஆணி மட்டும் உங்கள் கைக்காகக் காத்திருக்கட்டும் என்றார். மாறினால் மாறினதுதான் என்ற பேச்சை அவரே மாற்றிவிட்டார்.

ஆணி

பொன் விழாவை நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பண்ணை வாசல் முழுக்க என் பொன்நிறக் கடதாசியில் செய்த ரோசாக்கள். ஹில்ட காரில் இருந்து இறங்கியதும் முதலில் எங்கள் பக்கம் திரும்பிக் கை காட்டினார்.

வழக்கமாக இரண்டு கிழமையில் வளைவை இறக்கிவிடுவார்கள். இதை இறக்கவில்லை. கொப்பு மஞ்சளாகி, மண்ணிறமாகி, அந்த வழியால் போகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியும் ஹில்ட விடவில்லை.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் வீடு கழுவி, தலைக்குக் குளித்து, நான் சேலை, இவர் வேட்டி. கையில் சுத்தியல். பாலத்தைக் கடந்து போனபோது ஊர் முழுக்க அங்கே நின்றது. முதல் அடி இவர், இரண்டாவது நான். மூன்றாவது அடியில் ஆணி வளைந்துவிட்டது. யோசப் அதைப் படிக்கல்லில் வைத்து நிமிர்த்தித் தந்தார். ஒவ்வொரு அடிக்கும் காய்ந்த ஊசியெல்லாம் கொட்டி எங்கள் தலையும் கழுத்தும் ஒரே அரியண்டம்.

ஆணி இறுகியதும் எல்லோரும் கை தட்டினார்கள். உடனே உல்லா, சரி, இப்போது இறக்குங்கள், தீப்பிடிக்கப் போகிறது என்றார். வளைவை இறக்குவதும் முதல் அயலின் வேலைதானாம். அடித்த கையோடு இறக்கினோம். தோட்டத்தில் போட்டுக் கொளுத்தினோம். படபடவென்று வெடித்து எரிந்தது. நான் பிந்திப் பொரித்த ரோல்ஸைப் பிள்ளைகள் சுடச்சுடப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். ஆணி மட்டும் வெறும் உத்தரத்தில் நின்றது.

வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தில் இவர் நின்றுவிட்டார். கழுத்துக்குள் கிடந்த ஊசியைத் தட்டியபடி சொன்னார்:

"அண்ணையைத் தூக்க ஆளில்லையெண்டு எனக்கு எவ்வளவு கவலை தெரியுமே. எனக்கு இஞ்ச நாலு பேர் இருக்கினம்."

எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. அதை மறைக்க ஏசினேன்.

"கண்டறியாத கதை கதைக்காதேங்கோ. இன்னும் பத்து வருசத்தில அவையின்ர அறுபதாவது வருகுது. ஆணி அடிக்க நீங்கள் வேணும். அதுமட்டுக்கும் இருங்கோ."

"ஓம்," என்றார் இவர். "அடுத்தமுறை வளையாமல் அடிக்கிறன்."